வந்து போகும் நாடகமா, திரும்பத் திரும்ப வரும் நாடகமா?

"பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம், எல்லோருக்கும் நடிக்கப் பிடிக்கும், கையில் கொஞ்சம் பணம், ஒரு வருட அவகாசம். பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க நாடகம் போடலாம் என்றிருக்கிறோம். எந்த மாதிரி நாடகம் போடுவது?" இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் பாதி முடிவை எடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். தெருநாடகம், ஐம்பது இடம், முடிந்தால் நூறு. நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். எங்கள் குழுவில் ஒரு நோட்டு இருந்தது. ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் தேதி, இடம், சுமாராக எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எழுதிவைப்போம். பக்கம் நிறைய நிறைய ஒரு பெருமை. நாங்கள் வண்டி ஏறிய பிறகு அங்கே என்ன நடந்தது என்பதற்கு மட்டும் அந்த நோட்டில் இடமே இல்லை.

அது புரிய எனக்கு மூன்று வருடம் ஆனது. இப்போது யாராவது கேட்டால் முதலில் நான் ஒரு கேள்வி கேட்கிறேன்: ஒரே இடத்துக்கு உங்களால் எத்தனை தடவை போக முடியும்? வடிவங்களை ஒப்பிட செலவு, கூட்டம், கலைநயம் என்று எத்தனையோ அளவுகோல் இருக்கலாம், ஆனால் இந்தக் காரியத்தைப் பொறுத்தவரை இந்த ஒரு கேள்விக்கான பதிலே பாதி முடிவை எடுத்துக் கொடுத்துவிடுகிறது. ஒரு தடவைதான் முடியும் என்றால் ஒரு வகை, ஆறு தடவை முடியும் என்றால் முற்றிலும் வேறு வகை. என் சாய்வு ஆறு தடவை பக்கம்தான், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பெண் தன் வாழ்நாளில் துணைவரின் உடல் அல்லது பாலியல் வன்முறையையோ, வேறு ஒருவரின் பாலியல் வன்முறையையோ சந்தித்திருக்கிறார். இந்த எண்ணை நாடகம் முடிந்ததும் மைக்கில் சொல்வதற்குத்தான் நாங்கள் வைத்திருந்தோம். ஒத்திகைக்கு முன்னால் நடிகர்கள் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டிய எண் அது. எதிரே முப்பது பெண்கள் இருந்தால் அவர்களில் பலருக்கு நீங்கள் காட்டப்போவது புதுச் செய்தி இல்லை, நேற்று ராத்திரி. பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார், முடிந்ததும் யாரோடு நடந்து வீட்டுக்குப் போகப் போகிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

தெருநாடகம்

இதற்கு உரிய மரியாதையை முதலில் கொடுத்துவிடலாம். மேடை வேண்டாம், விளக்கு வேண்டாம், வட்டமாக நின்று மேளம் தட்டினால் பத்து நிமிடத்தில் கூட்டம். வீட்டுக்குள் முணுமுணுக்கப்படும் விஷயம் நடுத்தெருவில் உரக்கப் பேசப்படுகிறது, சில இடங்களில் அதுவே பெரிய காரியம். டெல்லியைச் சேர்ந்த ஜன நாட்டிய மஞ்ச் 1979இல் 'ஔரத்' நாடகத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்து, ஒரு பெண் வீட்டிலும் வேலையிடத்திலும் படும் பாட்டை வழியில் போகிறவர்கள் நின்று கேட்கும் பொருளாக்கியது. அந்த வலிமை இன்றும் குறையவில்லை.

சிக்கல், நாம் போடுகிற தெருநாடகங்களில் வரும் கணவனிடம் இருக்கிறது. எங்கள் நாடகத்தில் குடிகாரக் கணவனாக நடித்தவர்தான் குழுவிலேயே நல்ல நடிகர். தள்ளாடி வருவார், காலில் இருக்கும் செருப்பையே தேடுவார், இல்லாத கதவைத் தட்டுவார், கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் முதல் அறை விழும். சிரிப்பு உடனே நிற்காது; இரண்டு மூன்று விநாடி அடியின் மேலேயும் ஓடும். நிகழ்ச்சி முடிந்ததும் சின்னப் பையன்கள் அவர் பின்னாலேயே தள்ளாடிக்கொண்டு போவார்கள், மனைவியாக நடித்தவர் ஒரு ஓரமாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். ஒரு தடவை ஒருவர் வந்து கணவனாக நடித்தவரின் தோளில் தட்டி, "அந்த அறை நிஜமாவே விழுந்த மாதிரி இருந்துச்சு தம்பி" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

அதைவிட மோசம், குடிகாரனை வில்லனாக்கியதால் குடிக்காத ஆண்கள் அத்தனை பேரும் தப்பித்துவிட்டார்கள். குடி அபாயத்தைக் கூட்டும், சந்தேகமில்லை. ஆனால் குடிக்காமல் அடிப்பவன், அடிக்காமல் சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்பவன், கைபேசியை வாங்கி வாங்கிப் பார்ப்பவன், பேசாமலே மாதக்கணக்கில் பயமுறுத்துபவன், இவர்களில் ஒருவன்கூட எங்கள் நாடகத்தில் வரவில்லை. அவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினார்கள். கடைசிக் காட்சியில் போலீஸ் வந்து குடிகாரனைக் கூட்டிக்கொண்டு போகும், எல்லோரும் கைதட்டுவோம், கலைந்துவிடுவோம். மறுநாள் காலையில் உண்மையாகவே ஒரு பெண் புகார் கொடுக்கப் போனால் என்ன ஆகும், யாரோடு போவாள், திரும்பி எந்த வீட்டுக்கு வருவாள் என்ற இடத்துக்கு நாடகம் போகவே இல்லை.

அதற்காகத் தெருநாடகமே வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய செய்தி திட்டவட்டமாக இருந்தால், உதவி எண் ஒன்று வந்திருக்கிறது, புதுச் சட்டம் அமலாகியிருக்கிறது, இன்ன இடத்தில் தங்குமிடம் திறந்திருக்கிறார்கள் என்றால், இதைவிட வேகமான வழி கிடையாது. நீண்ட வேலை ஒன்றுக்கு முன்னோட்டமாகவும் போடலாம். ஆனால் மனப்பான்மையை மாற்றும் பொறுப்பை இருபது நிமிட நாடகத்தின் தலையில் கட்டினால் அது தாங்காது.

விவாத அரங்கு, அதாவது ஃபோரம் தியேட்டர்

இதன் பிறப்புக் கதையே நம் விஷயத்தைத் தொடுவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1973இல் பெரு நாட்டில் ஒரு எழுத்தறிவுத் திட்டத்தில் நாடகத்தை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார் பிரேசிலின் அகஸ்தோ போவால். அங்கே எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணின் கதை நாடகமாகிறது. கணவன் சில காகிதங்களைக் கொடுத்து, முக்கியமானவை, பத்திரமாக வை என்கிறான். சந்தேகப்பட்டு, படிக்கத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் காட்டினால், அத்தனையும் இன்னொரு பெண் அவனுக்கு எழுதிய காதல் கடிதங்கள். இரவு அவன் வரும்போது இவள் என்ன செய்யலாம்? பார்வையாளர்கள் யோசனை சொல்லச் சொல்ல நடிகர்கள் நடித்துக் காட்டுகிறார்கள். ஒரு பெண்மணி, அவனோடு தெளிவாகப் பேசிவிட வேண்டும் என்கிறார். நடிக்கிறார்கள். இது இல்லை என்கிறார். மறுபடி நடிக்கிறார்கள். இதுவும் இல்லை. பொறுமையிழந்த போவால், சரி, நீங்களே வந்து காட்டுங்கள் என்று சொல்ல, அந்தப் பெண்மணி மேலே வந்து, கணவனாக நடித்தவரைத் துடைப்பத்தால் வெளுத்துவிட்டாராம். அப்புறம்தான் பேச்சு. போவாலே பல தடவை சொன்ன கதை இது. பார்க்கிறவர் மனதில் இருப்பதை நடிகர் ஊகிக்க முடியாது, அவரே எழுந்து வர வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. வீட்டுச் சண்டையில், அதுவும் ஒரு அடியில், பிறந்த வடிவம் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் உறுத்தலாகவும் இருக்கிறது.

நடைமுறை எளிது. பதினைந்து இருபது நிமிட நாடகம், மோசமாக முடியும். ஜோக்கர் என்று அழைக்கப்படும் நடத்துனர் கூட்டத்தைப் பார்த்து, இப்படியே முடிய வேண்டுமா என்று கேட்பார். நாடகம் மறுபடி தொடங்கும். இந்தத் தடவை யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று சொல்லி, ஒரு பாத்திரத்தின் இடத்தில் வந்து நின்று, தன் வழியை நடித்துப் பார்க்கலாம். எதிரே இருக்கும் நடிகர்கள் லேசில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், நிஜத்தில் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை என்பதால். ஒரு யோசனை தோற்றால் அடுத்தவர் வருவார். சரியான விடை என்று எதையும் அறிவிப்பதில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, எங்களுக்கு அது இரண்டாவது நிகழ்ச்சியில்தான் தெரிந்தது. வழக்கமான விதிப்படி ஒடுக்கப்படுகிறவரின் இடத்தில்தான் பார்வையாளர் வந்து நிற்பார். வேலைநிறுத்தத்துக்கும் நிலப் பிரச்சினைக்கும் அது பொருந்தும். அடி வாங்கும் மனைவியின் இடத்தில் ஒவ்வொருவராக வந்து நின்று, ஒருத்தி அமைதியாகப் பேசி, ஒருத்தி எதிர்த்துப் பேசி, ஒருத்தி நேரத்துக்கு எல்லாவற்றையும் தயாராக வைத்து அடியைத் தவிர்த்துக் காட்டினால் கூட்டம் எடுத்துக்கொண்டு போவது என்ன? அவள் வேறு மாதிரி நடந்திருந்தால் அடி விழுந்திருக்காது என்பதைத்தான். எதை உடைக்கப் போனோமோ அதையே ஊர் கூடி ஒத்திகை பார்த்த மாதிரி ஆகிவிட்டது. கணவன் இடத்தில் யாராவது வந்து நல்லவனாக மாறினால் அதுவும் உதவாது, பிரச்சினையே மாயமாக மறைந்துவிடும்.

ஆகவே விதியை மாற்றினோம். சுற்றி இருப்பவர்களின் இடத்தில் மட்டும் வரலாம்: பக்கத்து வீட்டுக்காரர், கணவனின் நண்பன், அவன் அம்மா, அவளோடு வேலை செய்பவள், வாசலில் நின்று கேட்டுக்கொண்டே போகிறவர். மேடையிலும் இவர்கள்தான் சும்மா நிற்பார்கள், ஊரிலும் இவர்கள்தான்.

அப்படி நடந்த ஒரு நிகழ்ச்சியில் நடுத்தர வயதுப் பெண் ஒருவர் எழுந்தார். நான் பக்கத்து வீடு என்றார். கணவன் கை ஓங்கி நிற்கிறான். இவர் கதவைத் தட்டினார்.

"ஏணி இருக்கா? பல்பு மாத்தணும்."

நடிகர் திணறினார், ஒத்திகையில் ஏணி வரவில்லை. "இல்ல, அப்புறம் வாங்க."

அவர் நகரவில்லை. "அப்ப ஸ்டூல்?"

"ஸ்டூலும் இல்ல."

"சரி, யாரு வீட்ல இருக்கும்னு தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே வாசலில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஓங்கிய கை எப்போது இறங்கியது என்று நடித்தவருக்கே தெரியாது, பின்னால் கேட்டோம். ஜோக்கர் கூட்டத்தைப் பார்த்து, இவங்க என்ன செஞ்சாங்க என்று கேட்க, ஒரு பையன் சொன்னான்: "ஒண்ணும் செய்யல. போகாம இருந்தாங்க." அடுத்த தடவை அந்த இடத்துக்குப் போனபோது "ஏணி கேக்கப் போறேன்" என்பது அந்தத் தெருவில் சாதாரணமாகப் புழங்கும் பேச்சாகியிருந்தது. இந்தியாவில் பிரேக்த்ரூ அமைப்பு 2008இல் தொடங்கிய 'பெல் பஜாவோ' பிரச்சார விளம்பரங்களிலும் இதே சூட்சுமம்தான், சத்தம் கேட்கும் வீட்டின் மணியை அடித்து ஏதோ ஒரு சாக்குக் கேட்பது. நம் பெண்மணி அதைப் பார்த்திருந்தாரா தெரியாது, பார்த்திருந்தாலும் சரிதான். முந்நூறு பேருக்கு முன்னால் ஒரு தடவை செய்து பார்த்தவருக்கு நிஜத்தில் அந்தக் கதவு அவ்வளவு தூரமாக இருக்காது.

"அடுத்த தடவை போனபோது" என்று மேலே எழுதினேனே, இந்த வடிவத்தின் உயிரே அதில்தான். மேற்கு வங்கத்தில் 1985 முதல் இயங்கும் ஜன சம்ஸ்கிருதி, சஞ்சய் கங்குலி தொடங்கியது, போவாலின் முறையைக் கிராமப்புறத்தில் நீண்டகாலமாகச் செய்துவருகிற குழு. நடிப்பவர்கள் அந்தந்தப் பகுதி மக்கள், போன ஊருக்கே மறுபடி மறுபடி போகிறார்கள். அவர்கள் வேலையை ஆராய்ந்த உலக வங்கியின் ஆய்வுத்தாள் ஒன்று 2021இல் வந்தது, பங்கேற்பு நாடகம் பெண்களின் நிலையை வலுப்படுத்துகிறது என்பது அதன் முடிவு. முதல் தடவை கூட்டம் வீரவசனம் பேசும், இரண்டாம் தடவை கொஞ்சம் நிதானம் வரும், மூன்றாம் தடவைதான் நிஜத்தில் செய்யக்கூடியதை யாராவது சொல்வார். எங்கள் அனுபவமும் அப்படித்தான்.

குறை இல்லாமல் இல்லை. எல்லாப் பாரமும் ஜோக்கர் மேல். ஒரு இடத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து, பெண்கள் எப்படி அடக்கமாக இருக்க வேண்டும் என்று பத்து நிமிடம் பேசினார், அன்று ஜோக்கராக இருந்த எங்கள் ஆளுக்கு அவரை மடக்கத் தெரியவில்லை, முன்வரிசைப் பெண்கள் எழுந்து போய்விட்டார்கள். வேறொரு இடத்தில் ஒரு பெண், தன் கணவன் கூட்டத்தில் இருக்கும்போதே மேடைக்கு வந்து நாடகக் கணவனிடம் சண்டை போட்டார். நாங்கள் கைதட்டினோம். வண்டியில் திரும்பும்போதுதான் ஒருத்தி கேட்டாள், "இப்ப அந்த அக்கா வீட்ல என்ன நடக்கும்?" யாருக்கும் பதில் தெரியவில்லை. அதிலிருந்து முதல் நிகழ்ச்சி பெண்களுக்கு மட்டும், இரண்டாவது ஆண்களுக்கு மட்டும், அப்புறம்தான் சேர்ந்து என்று வைத்திருக்கிறோம்.

சட்டென்று கடக்க வேண்டிய இரண்டு

ப்ளேபேக் தியேட்டர் 1975இல் அமெரிக்காவில் ஜோனதன் ஃபாக்ஸ், ஜோ சலாஸ் இருவரும் தொடங்கியது. பார்வையாளர் ஒருவர் தன் வாழ்க்கைச் சம்பவத்தைச் சொல்வார், நடிகர்கள் அப்போதே நடித்துக் காட்டுவார்கள். அழகான வடிவம். ஆனால் வன்முறையை அனுபவித்தவர், அதைத் தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கும் ஊருக்கு முன்னால் தன் கதையைச் சொல்வது வேறு விஷயம். சொன்னதைத் திரும்பப் பெற முடியாது. மீண்டு வந்தவர்கள் மட்டும் சேர்ந்திருக்கும் மூடிய குழுவில், பக்கத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகரோடு செய்யலாம். பொதுவெளியில் வேண்டாம். இன்னொன்று, மறைமுக அரங்கு, போவாலின் யோசனைதான்: நாடகம் என்று சொல்லாமல் பேருந்திலோ கடைவீதியிலோ ஒரு சம்பவத்தை நடித்து மக்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்ப்பது. ஒரு பெண்ணை அடிப்பதுபோல் நடித்து அந்நியர்களைச் சோதிப்பது எனக்கு ஒப்பவில்லை. அங்கே நிற்கும் யாருக்கு எந்த நினைவு கிளம்பும் என்று நமக்குத் தெரியாது, தலையிடுகிறவர் நிஜமாகவே கை நீட்டவும் கூடும்.

மூடிய அறைக்குள் நாடகம்

பார்வையாளரே கிடையாது. பதினைந்து இருபது பேர் வாராவாரம் கூடி, தங்கள் வாழ்க்கையிலிருந்து காட்சிகளை நடித்து, நிறுத்தி, பேசி, மறுபடி நடிப்பது. 'ஸ்டெப்பிங் ஸ்டோன்ஸ்' என்ற பயிற்சித் திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, 1995இல் வெளிவந்தது. எச்ஐவி தடுப்புக்காக உருவானது என்றாலும் அதன் பெரும்பகுதி உறவுகளைப் பற்றியது, நடித்துப் பார்த்தல் அதன் முக்கியக் கருவி. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியில் 70 கிராமங்களில் நடந்த சோதனையின் முடிவு 2008இல் வந்தது. ஏறத்தாழ ஐம்பது மணி நேரப் பயிற்சி. இரண்டு வருடம் கழித்து, துணைவியை வன்முறைக்கு உள்ளாக்கியதாகச் சொன்ன ஆண்களின் விகிதம் குறைந்திருந்தது. பங்கேற்ற பெண்கள் பக்கம் அதே அளவு மாற்றம் தென்படவில்லை, இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இது என்ன நாடகம், யாரும் பார்க்கவில்லையே என்று கேட்பார்கள், குறிப்பாகப் பணம் கொடுப்பவர்கள். புகைப்படத்தில் நன்றாக வராது. ஆனால் ஒரு இளைஞன் தன் காதலி தாமதமாகப் பதில் அனுப்பியதற்குக் கத்துகிற காட்சியில் காதலியாக நடித்து, எதிரே நின்று தன்னைப் போலவே கத்தும் நண்பனைப் பார்த்து, கைகள் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். தெருநாடகத்தில் தலையாட்டிக்கொண்டிருந்த குடிக்காத ஆண்களைப் பிடிக்க இதைவிட நல்ல வலை எனக்குத் தெரியாது. பயிற்சி கொடுப்பவர் தேர்ந்தவராக இருக்க வேண்டும், ஆண்களும் பெண்களும் முதலில் தனித்தனியாகக் கூட வேண்டும். வாராவாரம் ஆட்களை வரவைப்பது தலைவலி என்பதையும் மறைக்க வேண்டாம்.

ரேடியோ, டிவி தொடர்

சின்னக் குழுவுக்கு எட்டாத பழம், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். தென்னாப்பிரிக்காவின் சோல் சிட்டி தொடர் 1999இல் தன் நான்காம் பாகத்தில் வீட்டு வன்முறையை எடுத்துக்கொண்டது. மனைவியை அடிக்கும் வீட்டுக்கு வெளியே அக்கம்பக்கத்தார் கூடிப் பாத்திரங்களைத் தட்டிச் சத்தம் போடும் காட்சி அதில் வந்தது. பிறகு நிஜத்திலும் மக்கள் அப்படிச் செய்த சம்பவங்கள் பதிவாயின. தொடரோடு சேர்த்து இலவச உதவித் தொலைபேசி எண்ணும் ஏற்பாடு செய்திருந்தார்கள், சட்டத்தை வேகமாக அமலாக்கச் சொல்லிப் பெண்கள் அமைப்புகளோடு சேர்ந்து அழுத்தமும் கொடுத்தார்கள். ஏணி கேட்டவரும் பாத்திரம் தட்டியவர்களும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள், பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் கையில் ஏதாவது கொடுப்பது. தொடர் லட்சக்கணக்கானவர்களை எட்டும், ஆனால் எதிரே இருப்பவர் முகம் சுருங்குவதைப் பார்த்து நிறுத்த அதற்கு முடியாது.

எண்கள் என்ன சொல்கின்றன

நாடகம் வன்முறையைக் குறைக்குமா என்று கேட்கிறவர்களுக்குப் பெரும்பாலும் எடுத்துக்காட்டப்படுவது உகாண்டாவின் கம்பாலாவில் ரெய்சிங் வாய்சஸ் என்ற அமைப்பு உருவாக்கிய 'சாசா' திட்டம். அதன் சோதனை முடிவு 2014இல் வந்தது: திட்டம் நடந்த பகுதிகளில் கடந்த ஓராண்டில் துணைவரின் உடல் வன்முறையை அனுபவித்த பெண்களின் விகிதம் மற்றப் பகுதிகளைவிட 52 சதவீதம் குறைவு. பிரமாதமான எண். ஆனால் சோதனை நடந்தது எட்டே எட்டுச் சமூகங்களில், ஆகவே அந்த 52ஐச் சுற்றியுள்ள நிச்சயமின்மை பெரிது, உண்மை அளவு இதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம், மிகக் குறைவாகவும் இருக்கலாம். வன்முறையை ஏற்றுக்கொள்ளும் மனப்பான்மை குறைந்ததற்கான ஆதாரம் அதைவிடத் திடமாக இருந்தது. இன்னொரு விஷயம், 'சாசா'வில் நாடகம் ஒரு இழை மட்டுமே. உள்ளூர்த் தன்னார்வலர்கள் பக்கத்து வீட்டாரோடு பேசினார்கள், படங்களை வைத்து உரையாடினார்கள், காவலர்களோடும் சுகாதாரப் பணியாளர்களோடும் வேலை செய்தார்கள். ஏறத்தாழ மூன்று ஆண்டு. அதில் நாடகத்தின் பங்கு மட்டும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது, யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு இதில் பிடித்தது அந்த "மூன்று ஆண்டு"தான்.

எந்த வடிவமானாலும்

நாடகம் நன்றாக இருந்தால் யாராவது ஒருவர் வருவார். முடிந்து எல்லோரும் கலையும்போது, சாமான்களை எடுத்துவைக்கிற மாதிரி வந்து, "எங்க அக்கா வீட்லயும் இப்படித்தான்" என்பார். பாதி நேரம் அக்கா என்பது அவர்தான். அந்த நிமிடத்தில் உங்களிடம் என்ன இருக்கிறது? எங்களிடம் முதல் வருடம் ஒன்றும் இல்லை. "தைரியமா இருங்க அக்கா" என்று ஒருவர் சொன்னார், அது நானாகத்தான் இருக்க வேண்டும். இப்போது ஒரு ஆலோசகர், ஒரு வழக்கறிஞர், தங்குமிடம் ஒன்றின் தொடர்பு, இந்த மூன்றையும் உறுதிசெய்யாமல் ஒத்திகையே தொடங்குவதில்லை. எண்ணை எழுதிய சீட்டும் கொடுப்பதில்லை, வீட்டில் அது யார் கையில் கிடைக்கும் என்று தெரியாது. அவரோடு பேச ஒரு பெண் உறுப்பினர் எப்போதும் சாமான் பக்கத்தில் நிற்பார், அதுதான் அன்றைக்கு அவருடைய வேடம்.

விளைவை அளக்க ஆசைப்பட்டு, போன வாரம் உங்கள் கணவர் அடித்தாரா என்று வீடு வீடாகப் படிவம் நீட்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2001லேயே இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு வழிமுறை வகுத்து, பதில் சொல்பவரின் பாதுகாப்பும் கேட்பவரின் பாதுகாப்பும்தான் எல்லாவற்றுக்கும் முதலில் என்று சொல்லிவிட்டது. எங்கள் அளவில் நாங்கள் எண்ணுவது வேறு: யார் எழுந்து வந்தார், யார் இடத்தில் நின்றார், போன தடவை சொன்னதிலிருந்து என்ன மாறியது. அதே பழைய நோட்டுதான், பத்தி மட்டும் வேறு. அடியை மேடையில் காட்டுவதையும் நிறுத்திவிட்டோம். கை ஓங்குவதோடு காட்சி உறைந்துவிடும், திரைக்குப் பின்னால் ஒரு தட்டு கீழே விழும் சத்தம், அவ்வளவுதான்.

சரி, முடிவு. பத்துப் பேர், ஒரு வருடம் என்றால் மூன்று இடங்கள் போதும் என்பேன். முதல் இரண்டு மாதம் நாடகம் கிடையாது, ஆதரவு ஏற்பாடும் அந்த இடத்தின் ஆட்களைத் தெரிந்துகொள்வதும்தான். அப்புறம் மூன்று மாதம் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு சிறு குழுக்கள், ஒன்று ஆண்கள், ஒன்று பெண்கள், மூடிய அறை வேலை. விவாத அரங்குக்கான நாடகத்தை அவர்கள்தான் உருவாக்க வேண்டும், நடிப்பதும் அவர்களே, ஜோக்கர் மட்டும் நம் ஆள். ஒவ்வொரு இடத்திலும் குறைந்தது ஐந்து ஆறு நிகழ்ச்சி. பயிற்சியாளர் கிடைக்கவில்லை, திரும்பிப் போகவும் வழியில்லை என்றால் நேர்மையாகத் தெருநாடகத்தையே போடுங்கள், உதவி எண்ணைத் தெளிவாகச் சொல்லுங்கள், அதற்கு மேல் சாதித்ததாக அறிக்கை எழுத வேண்டாம்.

எங்கள் குழுவிலேயே இரண்டு பேருக்கு இந்தத் திட்டத்தில் இன்னும் முழுச் சம்மதம் இல்லை, மூன்று இடம் என்பது சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது என்கிறார்கள். வருடக் கடைசியில் ஒரு மாதம் ஊர் ஊராகத் தெருநாடகம் போடலாம் என்று சமாதானம் செய்திருக்கிறோம். குடிகாரன் வேடம் அதில் திரும்ப வருமா என்று அந்த நல்ல நடிகர் கேட்டார். வராது. அவருக்கு இப்போது குடிக்காத, குரலே உயர்த்தாத கணவன் வேடம். சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டே, மனைவியின் கைபேசியை எடுத்து நிதானமாகக் கடவுச்சொல் கேட்பவன். போன வார ஒத்திகையில் அவர் அதை நடித்தபோது யாரும் சிரிக்கவில்லை, எங்களில் இருவர் எழுந்து வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்கள்.